வரிசையில் வைத்த முட்டை

அந்தக் காலத்தில், அதாவது முயலும் கீரியும் நம்மைப் போலவே நியாயம் பேசித் திரிந்த காலத்தில், 'வெயிட்' என்று ஒரு சொல் கிடையாது. இன்றைக்கு அந்த ஆங்கிலச் சொல் இல்லாமல் நம்மால் ஒரு பொழுதை ஓட்ட முடியுமா? பஸ்ஸுக்கு வெயிட் பண்ணுகிறோம், டாக்டருக்கு வெயிட் பண்ணுகிறோம், குக்கரின் மூன்றாவது விசிலுக்கு வெயிட் பண்ணுகிறோம். 'அஞ்சு நிமிஷம் வெயிட் பண்ணுங்க, வந்துக்கிட்டே இருக்கேன்' என்று போனில் சொல்கிறவர் பெரும்பாலும் அப்போதுதான் குளிக்கவே போகிறார். ஆனால் அந்தக் காலத்தில் இப்படியொரு சொல் ஆங்கிலத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை, ஆந்தை பேசிய பாஷையிலும் இல்லை. காரணம் லேசானது. அந்தக் காரியத்தையே யாரும் செய்ததில்லை.

ஒரு பொருள் இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் போய்விடுவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் செய்வதற்கு ஒன்று உண்டு என்று எவருக்கும் தோன்றவில்லை. பழம் பழுத்திருந்தால் தின்றார்கள். காயாக இருந்தால் கடித்துத் துப்பிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார்கள். மழை தவறாமல் பெய்த வரைக்கும் அது போதுமாக இருந்தது.

பிறகு வைப்பாற்றங்கரையில் மூன்று வருஷம் தொடர்ந்து மழை ஏமாற்றியது. முதல் வருஷம் கண்மாய் வற்றியது. அடுத்த வருஷம் ஆறு வற்றியது. மூன்றாம் வருஷக் கோடையில் அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே ஒரே ஓர் ஊற்றுதான் மிச்சம். ஆற்றின் வளைவில், மணலுக்கு நடுவே, ஒரு முழ ஆழத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவு தண்ணீர். அதை ஒருவர் குடித்துவிட்டால் அடுத்த சிரட்டை ஊறிவர, ஓர் ஆடு படுத்து அசைபோட்டு முடிக்கிற நேரம் ஆகும்.

அந்த வளைவில்தான் செவத்தியும் அவள் புருஷன் கருத்தப்பாண்டியும் குடியிருந்தார்கள். நீளமான மஞ்சள் கால்களில் விறுவிறுவென்று ஓடிச் சட்டென்று நிற்கிற குருவிகள். தலையும் கழுத்தும் கறுப்பு, வயிறு வெள்ளை, கண்ணோரம் சிவப்பாக ஒரு சதை. இன்றைக்கு ஆள்காட்டிக் குருவி என்கிறோமே, அந்த இனம்தான். அப்போது அந்தப் பெயர் வந்திருக்கவில்லை. கரையோரத்து வேலமரத்தில் அவர்களுக்கு ஒரு கூடு இருந்தது. கருத்தப்பாண்டி நாணல் பஞ்சு சேர்த்துச் சேர்த்துக் கட்டிய கூடு. வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்தி அதைக் காட்டாமல் விடமாட்டான்.

ஊற்றைச் சுற்றி நடந்த கூத்தைச் செவத்தி தினமும் பார்த்தாள். வெளிமான் குனிந்தால் அதன் காலிடையில் உடும்பு நுழையும். உடும்பின் வாலைப் பிடித்து இழுத்துப் போட்டுவிட்டு நரி குதிக்கும். மிதிபட்டு மணல் சரியும். ஒருநாள் அப்படிச் சரிந்ததில் ஊற்று மொத்தமாக மூடிக்கொண்டது. ஆளுக்கொரு பக்கம் தோண்டி, மறுபடி ஈரம் கண்ணில் படுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அன்று முயலின் கடைக்குட்டி தாயின் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. தண்ணீர் வந்தபோது அது எழுந்திருக்கவில்லை. முயல் அழவில்லை. அழுவதற்கு அவள் உடம்பில் நீர் இல்லை. அதைப் பார்த்த செவத்திக்கு மனசு ஆறவே இல்லை.

மறுநாள் காலையில் எல்லோரும் தள்ளுமுள்ளுக்குத் தயாராக வந்தபோது அவள் ஊற்றின் விளிம்பில் நின்றுகொண்டு கத்தினாள். உருவம் சிறிதாக இருந்தாலும் அவளுக்குத் தொண்டை பெரிது. வெளிமானே ஓர் அடி பின்னால் போனது.

“இந்தா, எல்லாரும் நில்லுங்க! ஆளுக்கொரு கல் எடுத்துட்டு வாங்க. வந்த வரிசைக்கு இங்கன மணல்ல வச்சிட்டு, அவுக அவுக சோலியப் பாக்கப் போங்க. ஒங்க மொற வந்ததும் நான் பேரைச் சொல்லிக் கூப்பிடுறேன். வந்து நிம்மதியாக் குடிச்சிட்டுப் போங்க.”

“கல்லை வச்சிட்டுப் போனா? கல்லா வந்து தண்ணி குடிக்கும்?” என்று கேட்டான் கீரி. அவன் எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுகிறவன்.

“கல் குடிக்காது. கல் இருந்தா ஆள் இருக்குன்னு அர்த்தம்.”

“ஆள்தான் இல்லையே?”

“வருவாக.”

“வராட்டா?”

“வருவாகன்னுதான சொல்றேன். வர்ற வரைக்கும் அந்த எடம் அவுகளுது. நான் பாத்துக்கிறேன்.”

இல்லாத ஆளுக்கு ஓர் இடம் சொந்தம் என்பதை அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. நரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அப்போது முயல் போய், ஒரு சின்ன வெள்ளைக் கல்லைப் பொறுக்கிக்கொண்டு வந்து செவத்தியின் காலடியில் வைத்தாள். அதைப் பார்த்த பிறகு யாருக்கும் சிரிக்க வாய் வரவில்லை. ஒவ்வொருவராகக் கல் தேடப் போனார்கள்.

அதிசயமாக, அது நடந்தது. மணல் சரியவில்லை. குட்டிகளுக்கு இரை தேட நேரம் கிடைத்தது. செவத்தி நாள் முழுக்க வரிசையின் மேலும் கீழும் நடந்தாள். எந்தக் கல் எவருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். தண்ணீர் ஊறிவிட்டால், “ஏ கீரித் தம்பி, வா! வா!” என்று இரண்டு மைல் கேட்கும்படி கூப்பிடுவாள். தனக்கென்று அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். குடித்து முடித்தவர்கள் வாயில் ஒட்டிய கடைசிச் சொட்டை, அங்கே கிடந்த ஒரு பெரிய நத்தை ஓட்டில் உதறிவிட்டுப் போகவேண்டும்.

“நீ செத்த நேரம் தலைய சாய். நான் பாத்துக்கிறேன்” என்று ஒருநாள் கருத்தப்பாண்டி வந்தான். நல்ல மனசுக்காரன், பாவம். ஆனால் கொஞ்ச நேரத்தில் நின்றபடியே தூங்கிப்போனான். போகிற போக்கில் உடும்பின் வால் பட்டு இரண்டு கற்கள் இடம் மாறிவிட்டன. விழித்தவன் குழம்பிப்போய் நரியையும் கீரியையும் ஒரே நேரத்தில் கூப்பிட்டுவிட்டான். நடந்த சண்டையை விலக்கித் தீர்ப்பதற்குள் செவத்திக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு ஓர் எறும்பைக்கூட அவன் பொறுப்பில் அவள் விட்டதில்லை.

இப்படி இருக்கையில் அவளுக்கு முட்டையிடும் நாள் வந்தது.

“வா, கூட்டுக்குப் போவோம். புதுப் பஞ்சு போட்டு வச்சிருக்கேன்” என்றான் கருத்தப்பாண்டி.

“பதினோரு கல்லு கெடக்கு. போட்டுட்டு எப்படி வர?”

“ஊருக்கெல்லாம் நீ காவல். ஒம்பிள்ளைக்கு யாரு காவல்?”

செவத்தி கூட்டைப் பார்த்தாள், கற்களைப் பார்த்தாள். “ரெண்டும் இங்கனயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, கற்களுக்கு நடுவே காலால் ஒரு பள்ளம் பறித்து அங்கேயே உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக நாலு முட்டைகள். அந்தக் காலத்தில் அவை பால்போல் வெள்ளையாக இருக்கும். கருத்தப்பாண்டி இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். மூன்றாம் நாள் அவனே வந்து முட்டைகள்மேல் உட்கார்ந்தான். அதற்கு விழித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை அல்லவா?

கோடை மணல், கடலை வறுக்கிற மணலாகக் கொதித்தது. அடைகாப்பதைவிட முட்டைகளைச் சூட்டிலிருந்து காப்பதுதான் பெரிய பாடு. செவத்தி நத்தை ஓட்டுத் தண்ணீரில் வயிற்றிறகை நனைத்துக்கொண்டு ஓடிவந்து முட்டைகள்மேல் படுப்பாள். தன் பங்கில் அவள் குடித்தது கொஞ்சம், வயிற்றில் சுமந்ததுதான் அதிகம். வானத்தில் ஒரு காக்கை வேறு இரண்டு நாளாக வட்டமடித்துக்கொண்டிருந்தது. பழுப்பு மணலில் வெள்ளை முட்டைகள் அதன் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தன.

அப்படி ஒரு நாள் உச்சிப்பொழுது. கருத்தப்பாண்டி இரை தேடப் போயிருந்தான். வரிசையில் முதல் கல் அழகுத்தாயுடையது. அழகுத்தாய் ஓர் ஆமை. வற்றிய கண்மாயின் வெடிப்பில் குடியிருந்தாள். அங்கிருந்து ஊற்றுக்கு வர ஒன்றரை நாள், திரும்பிப் போக ஒன்றரை நாள். தள்ளுமுள்ளு நடந்த காலத்தில் அவள் ஒரு தடவைகூட இந்தத் தண்ணீரைக் கண்ணால் கண்டதில்லை. கற்றாழை மடலைக் கடித்துத்தான் உயிரை வைத்திருந்தாள். இப்போது ஒவ்வொரு தடவையும் குடித்துவிட்டுப் போகும்போதே, தட்டையான தன் கறுப்புக் கல்லை அடுத்த முறைக்கென்று வைத்துவிட்டுப் போவாள். அவள் முறை வந்துவிட்டது. சிரட்டையளவு தண்ணீர் ஊறி மினுங்கிக்கொண்டிருந்தது. ஆள்தான் இன்னும் வந்து சேரவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கொம்பையா வந்தான். மேற்கே மலையடிவாரத்திலிருந்து இறங்கி வந்த காட்டுப்பன்றி. மலைச்சுனை வற்றி நாலு நாள் ஆகியிருந்தது. கல்லும் வரிசையும் அவன் அறியாத சங்கதி. நாக்கு தடித்து வெளியே தொங்கியது.

“தள்ளு புள்ள. தண்ணி குடிக்கணும்.”

“வாங்க மாமா. ஒரு கல் எடுத்துட்டு வந்து கடைசியில வைங்க. மொற வந்ததும் கூப்பிடுறேன்.”

“கல்லா? இந்தக் கல்லுக்கெல்லாம் தாகமா எடுக்கு?” என்று அவன் வரிசையைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பிலும் ஈரம் இல்லை. “மொதக் கல்லு யாருது?”

“ஆமையக்காவுது.”

“எங்க அவ?”

“அந்தா, வளைவுல வாராளே.”

கொம்பையா திரும்பிப் பார்த்தான். “ஒண்ணுந் தெரியல.”

“எனக்குத் தெரியுது.”

கொம்பையாவுக்கு அதற்குமேல் பொறுமை இல்லை. கறுப்புக் கல்லின் அடியில் மூக்கைக் கொடுத்து ஒரே வீச்சில் எறிந்தான். அது தூரத்துப் பாறையில் மோதி இரண்டாகப் பிளந்து விழுந்தது.

“இப்ப எடம் காலி” என்றான். “காலி எடத்துல யாரு வேணா நிக்கலாம்.”

அவன் அந்த மூக்கை ஊற்றுக்குள் விட்டால் மணல் அத்தனையும் சரியும். முயல்குட்டி தாயோடு ஒட்டிக் கிடந்த கிடப்பு செவத்தியின் கண்முன் வந்து நின்றது. காலியான இடத்தில் வைக்க அவசரமாக ஒரு கல்லைத் தேடினாள். அங்கே கிடந்த கல் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடையது. ஒன்றை எடுத்தால் ஒருவரின் இடம் போகும். அவளுக்கென்று சொந்தமாக அந்த மணலில் இருந்தது நாலே நாலுதான்.

அவள் அந்த நாலில் ஒன்றை நெஞ்சால் தள்ளித் தள்ளி உருட்டிக்கொண்டு வந்தாள். கறுப்புக் கல் கிடந்த குழியில் அதை வைத்தாள். பக்கத்தில் நின்றுகொண்டாள்.

“எடம் காலியில்ல மாமா. ஆமையக்கா எடத்துல என் பிள்ளை நிக்குது. இதையும் தூக்கி எறிஞ்சிட்டுக் குடிங்க.”

இரண்டு மைல் கேட்கிற தொண்டை அன்று கிசுகிசுவென்றுதான் பேசியது. கொம்பையா தலையைக் குனிந்தான். அவன் மூச்சு முட்டைமேல் பட்டது. அவன் கோரைப்பல்லுக்கும் முட்டை ஓட்டுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. அவன் முரடன்தான். ஆனால் அவனுக்கும் மலையடிவாரத்தில் ஐந்து குட்டிகள் தாயின் மடியில் கிடந்தன. அவன் முட்டையைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான், மறுபடி முட்டையைப் பார்த்தான். ஓர் அடி பின்னால் போனான்.

கண்ணெதிரே தண்ணீர் இருந்தும் குடிக்காமல், போகவும் செய்யாமல் ஒருவர் நின்றது உலகத்தில் அதுதான் முதல் தடவை. தான் செய்வதற்கு என்ன பெயர் என்று அவனுக்கே தெரியவில்லை. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான்.

“நான் இப்ப என்ன செய்யணும்?”

“ஒண்ணுஞ் செய்யவேண்டாம். இருங்க.”

“சும்மாவா?”

“சும்மா இல்ல. அவ வர்ற வரைக்கும் அவ எடத்தைப் பாத்துக்கிட்டு இருங்க.”

பெரிய உடம்பை மடக்கி அவன் மணலில் உட்கார்ந்தான். தொங்கும் அவன் நாக்கைப் பார்க்கச் செவத்திக்குச் சகிக்கவில்லை. நத்தை ஓட்டை அலகால் அவன் பக்கம் நகர்த்தினாள். “இது என் பங்கு. இதைக் குடிங்க. ஆமையக்கா பங்கைத் தொடாதீக.” அவனுக்கு அது நாக்கை நனைக்கத்தான் காணும். ஆனாலும் குடித்த பிறகு கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

வெயில் ஏறிக்கொண்டே போனது. மூன்று முட்டைகள் பின்னால், ஒன்று முன்னால். செவத்தி இங்கே ஓடி இறக்கையை விரிப்பாள், அங்கே ஓடி விரிப்பாள். கொம்பையா பார்த்துக்கொண்டே இருந்தான்.

“என்னத்துக்குப் புள்ள அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுற?”

“வெயில்ல வெந்துரும் மாமா.”

“வேற நாள்ல என்ன செய்வ?”

“வயித்தை நனைச்சிட்டு மேல படுத்துக்கிருவேன்.”

“நனைக்க வேண்டியதுதான?”

“அதைத்தான் நீங்க குடிச்சீக.”

கொம்பையா காலி நத்தை ஓட்டைப் பார்த்தான். பிறகு எழுந்தான். செவத்தி முட்டைக்கு முன்னால் பாய்ந்து இறக்கையை விரித்தாள். அவனோ சுற்றிவந்து, வெயிலுக்கும் முன்னால் இருந்த முட்டைக்கும் நடுவில் போய் நின்றான். அவன் நிழல் முட்டைமேல் விழுந்தது. வெயில் நகர நகர அவனும் நகர்ந்தான். சாயங்காலம் வரைக்கும் அந்த நிழல் முட்டையைவிட்டு விலகவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு அழகுத்தாய் வந்து சேர்ந்தாள். “ஏ செவத்தி, எங்கல்லு எங்க?” என்றவள், கல் இருந்த இடத்தில் முட்டையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். நடந்ததைச் செவத்தி சொன்னாள். அழகுத்தாய் கழுத்தை நீட்டி ஊற்றுத் தண்ணீரில் பாதியைக் குடித்தாள்.

“எனக்கு இது போதும். மிச்சத்த அந்தத் தம்பிக்குக் குடு. எம் எடத்துக்கு நெழல் குடுத்த பிள்ளை.”

கொம்பையா ஒரு மணல்கூட உதிராமல், குழந்தை பால் குடிக்கிற மாதிரி குடித்தான். குடித்த கையோடு தனக்கும் ஒரு கல் தேடப் போனவன், மூன்று இடம் அடைக்கிற அளவுக்கு ஒரு பாறையை உருட்டிக்கொண்டு வந்தான். “மாமா, எடம் ஒண்ணுதான்” என்றாள் செவத்தி. அன்றைக்கு அவள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

சேதி பரவி, மேய்ச்சலுக்கும் இரைக்கும் போனவர்கள் எல்லோரும் வந்தார்கள். முதல் இடத்தில் இருந்த முட்டையைத் திரும்ப எடுக்கச் செவத்திக்கு மனம் வரவில்லை. மற்ற மூன்றையும் அதன் பக்கத்துக்கே உருட்டிக்கொண்டு போயிருந்தாள். முயல் அண்ணாந்து காக்கையைப் பார்த்தாள். ஊற்றின் விளிம்பில் இருந்த கறுப்பு வண்டலைப் பாதத்தில் தொட்டு ஒரு முட்டையில் ஒரு பொட்டு வைத்தாள். அதன் பிறகு சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெளிமான் மூக்கால் தொட்டு வைத்தது. கீரி வாலால் தீற்றினான். கொம்பையாவுக்கும் ஆசைதான், தொட்டால் உடைந்துவிடுமோ என்ற பயத்தில், வண்டலில் மூக்கைத் தோய்த்துத் தள்ளி நின்று மெதுவாக ஒரு தும்மல் போட்டான். முட்டைகளில் பெரிய பொட்டுகளுக்கு நடுவே பொடிப்பொடிப் புள்ளிகள் வந்தது அப்படித்தான். வேலை முடிந்தபோது எது கல், எது முட்டை என்று அவர்களுக்கே தெரியவில்லை. காக்கை இன்னும் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போய்விட்டது.

நாட்கள் போயின. ஒருநாள் காலையில் ஒரு முட்டை கீறியது. மத்தியானத்துக்குள் மூன்று குஞ்சுகள் வெளியே வந்து, ஈரம் காய்வதற்குள் எழுந்து ஓடத் தொடங்கின. நாலாவது மட்டும் அசையவில்லை. ஆமையின் இடத்தில் வெயிலில் நின்ற அதே முட்டை.

மேற்கே மலை தெரியாமல் மேகம் கவிந்திருந்தது. காற்றில் மண்வாசம். ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து ஓர் இரைச்சல் கேட்டது. மூன்று வருஷமாகக் கேட்காத சத்தம் என்பதால் முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு, “ஆறு வருது! ஆறு வருது!” என்று எல்லோரும் கூத்தாடிக்கொண்டு கரையேறினார்கள். இனி வரிசை வேண்டாம், கல் வேண்டாம். ஊரே குடித்தாலும் தீராத தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது.

“செவத்தி, வா” என்றான் கருத்தப்பாண்டி. மூன்று குஞ்சுகளையும் அவன் கரையில் சேர்த்திருந்தான். “அது அன்னைக்கே வெந்துபோச்சு புள்ள. மூணு இருக்கு. வந்துரு.”

செவத்தி முட்டைமேல் காதை வைத்தாள். உள்ளே மெதுவாக, விட்டு விட்டு, ஒரு தட்டல்.

“உள்ள கொத்துது! உசிரு இருக்கு!”

“அப்ப வா, உருட்டிட்டுப் போயிருவோம்!”

“ஓடு கீறிருச்சு. உருட்டினா நசுங்கிரும். நீங்க பிள்ளைகளப் பாருங்க.” அவள் முட்டைமேல் இறக்கையை விரித்துப் படுத்துக்கொண்டாள்.

வளைவில் நுரையும் சருகுமாக ஆற்றின் முதல் நாக்கு தெரிந்தது. அப்போது கரையிலிருந்து கொம்பையா இறங்கினான். ஆற்றுக்குக் குறுக்கே, முட்டைக்கு முன்னால், தன் உடம்பை நீளமாகப் போட்டுப் படுத்தான்.

“மாமா, போங்க! தண்ணி வருது!”

“நீதான சொன்ன, வர்ற வரைக்கும் எடம் அவுகளுதுன்னு” என்றான் அவன். “இந்த எடத்து ஆளு இன்னும் வரல.”

தண்ணீர் வந்து அவன் விலாவில் மோதி, இரண்டாகப் பிரிந்து ஓடியது. தலைப்பக்கமும் கால்பக்கமும் சுற்றிக்கொண்டு உள்ளே வரப்பார்த்தது. முயல் கரையிலிருந்து பாய்ந்து இறங்கினாள். வரிசையில் கிடந்த தன் சின்ன வெள்ளைக் கல்லை எடுத்து அந்த இடைவெளியில் வைத்தாள். அவள் பின்னாலேயே கீரி, நரி, உடும்பு, வெளிமான். இத்தனை நாள் அவரவர் இடத்தைப் பிடித்து வைத்திருந்த கற்கள் எல்லாம் முட்டையைச் சுற்றி அணையாக ஏறின. மிஞ்சிய ஒரு சந்தில் அழகுத்தாய் வந்து ஓட்டைக் கொடுத்து அடைத்துக்கொண்டாள். குடிக்க எவ்வளவோ தண்ணீர் சுற்றிலும் ஓடியது. அதில் ஒருவரும் வாய் வைக்கவில்லை. ஒருவரும் போகவும் இல்லை.

முட்டை இன்னும் கொஞ்சம் கீறியது. நின்றது. மறுபடி கீறியது. பிறகு ஓட்டைத் தள்ளிக்கொண்டு ஓர் ஈரத் தலை வெளியே வந்து, எதிரே ஒரு பன்றியின் முதுகையும் ஓர் ஆமையின் முகத்தையும் பார்த்துத் திகைத்து, 'கீச்' என்றது. செவத்தி வாய்விட்டு அழுதாள். கரையில் கருத்தப்பாண்டி அழுதுகொண்டே குதித்தான்.

குஞ்சு தன் நீளக் கால்களில் தடுமாறிக் கரையேறியதும் அழகுத்தாய் நகர்ந்தாள், கொம்பையா எழுந்தான். ஆறு அந்த இடத்தை மூடிக்கொண்டு ஓடியது. எல்லோரும் ஈரத்தோடு கரையில் நின்றார்கள்.

“நாம இம்புட்டு நேரம் செஞ்சோமே, இதுக்கு என்ன பேரு?” என்று கேட்டான் கொம்பையா. ஊற்றுக்கு முதலில் வந்த நாளின் உச்சிவெயிலில் இருந்தே அவனுக்கு அந்தச் சந்தேகம் இருந்தது.

முயல்தான் பதில் சொன்னாள். குட்டி போன நாளிலிருந்து அவள் அதிகம் பேசியதில்லை. “அதைக் காத்தோம். அது வர்ற வரைக்கும் இருந்தோம். காத்திருந்தோம்.”

சட்டம் பேசும் கீரியும் அதில் ஒரு குறை கண்டுபிடிக்கவில்லை.

அன்றைக்குத் தொட்டுத்தான் ஆள்காட்டிக் குருவி மரத்தில் கூடு கட்டுவதில்லை. வெட்டவெளியில், கல்லோடு கல்லாக, கரும்பொட்டு வைத்த நாலு முட்டைகளை இடுகிறது. யார் அந்தப் பக்கம் வந்தாலும் ஊருக்கே ஆளைக் காட்டிக் கத்துகிறது. வெயில் ஏறினால் வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடிவந்து படுக்கிறது. ஆங்கிலக்காரர்களின் 'வெயிட்' என்ற சொல்லும், பிறந்த காலத்தில் விழித்திருந்து காவல் காப்பதைத்தான் குறித்தது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பக்கத்து ஆற்றங்கரையிலும் ஒரு செவத்தி இருந்திருப்பாள்.

நாமும் அன்று கற்றதை இன்னும் மறக்கவில்லை. ரேஷன் கடை வாசலில், தண்ணீர் லாரி வரும் தெருமுனையில், ஆளில்லாத வரிசையில் ஒரு கல்லோ ஒரு பழைய பையோ தனியாக உட்கார்ந்திருக்கும். எவ்வளவு அவசரத்தில் வருகிறவரும் அதை எட்டி உதைப்பதில்லை. ஒரு நிமிஷம் அதைப் பார்க்கிறார். பிறகு, அதற்குப் பின்னால் போய் நிற்கிறார்.